காலிசெய் = இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த வரியில் "இல்லை" என்றுதான் எழுதியிருந்தது. பொடி எழுத்தில் ஒளித்து எழுதவில்லை, சுற்றி வளைத்தும் எழுதவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடப் புரியும். அதைப் பார்த்துவிட்டு "ஓகோ, செய்யச் சொல்கிறார்கள்" என்று எடுத்துக்கொள்ள ஒரு கருவி வேண்டும். அப்படி எடுத்துக்கொண்டதுதான் சரி என்று மேசையைத் தட்டிப் பேச ஒரு மன்றம் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இரண்டுக்கும் குறைவில்லை.

நான் அரசு மருத்துவமனைகளுக்கான கணினி இயக்குநரகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்றாம் மாடி, ஜன்னலோர இருக்கை, ஜன்னல் திறக்காது. பதினான்கு மருத்துவமனைகளில் ஓடும் மென்பொருளை எங்கள் ஆட்கள் துண்டு துண்டாக எழுதுவார்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரே பொருளாக்கி மருத்துவமனைகளுக்கு அனுப்புவதற்கு பில்ட் என்று பெயர். எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் கோப்பு பில்ட் ஸ்கிரிப்ட். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பொத்தானை அழுத்தி அதை ஓடவிடுவது என் வேலை. பதினோரு வருடமாக அழுத்துகிறேன். சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர்ல இருக்கேன்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

என் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். இருபத்திரண்டு பிள்ளைகள், பத்தொன்பது வருடம், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. இடது கண்ணில் புரை விழுந்து சில வருடங்களுக்கு முன்னால் அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டாள். இப்போது வலது கண். மதியம் வெயில் எதிரே அடித்தால் சாலை முழுக்கப் பால் கொட்டிய மாதிரி இருக்கிறது என்று, யாரும் சொல்லாமலே மதிய ஓட்டத்தை விட்டுவிட்டாள். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் பத்து வாரம் இருந்தது. இரண்டு கண்ணும் சரி என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். அறுவை முடிந்து நாலு வாரம் கழித்துத்தான் எழுதித் தருவார்கள். ஆக ஆறு வாரத்துக்குள் அறுவை நடந்தாக வேண்டும். இல்லாவிட்டால் உரிமம் போகும், வேலையும் போகும். பள்ளிக்கூடம் வேறொரு ஓட்டுநரைப் பேசியே வைத்துவிட்டது. தனியாரிடம் போக எங்களுக்கு வசதியில்லை.

ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது.

"டேய், என் பேரைக் காணோம்டா."

"எதுலக்கா?"

"எதுலயா? கண் ஆபரேஷன் லிஸ்ட்டுல. நேத்து வரைக்கும் அறுபத்தி மூணாவது ஆளு. இன்னைக்குப் பார்த்தா 'இப்படி ஒருவர் இல்லை'ன்னு வருது. நான் இருக்கேன்ல?"

"இருக்கியேக்கா."

"அதை உங்க கம்ப்யூட்டர்கிட்டச் சொல்லு. இது ரெண்டாவது தடவை. போன தடவை அம்பத்தெட்டு. கவுன்ட்டர்ல கேட்டா 'சிஸ்டம்மா' அப்படின்னுட்டு மேல கையைக் காட்டுறான். மேல ஃபேன்தான் ஓடுது."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அலுவலகம் அனுப்பிய சிஸ்டம். அன்றே அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேடுகளைப் புரட்டினேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி மூன்று நிமிடத்துக்கு, காத்திருப்போர் பட்டியல் துடைத்து வைத்த தட்டு மாதிரி காலியாகியிருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லோரும் மறுபடி நேரில் வந்து, விரல் ரேகை வைத்து, புது எண் வாங்கியிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் ஐம்பது பேருக்குத்தான் அறுவை செய்ய முடியும். ஐம்பதுக்குப் பின்னால் நிற்பவருக்கு அறுவை என்பது எந்தக் காலத்திலும் கிடையாது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு என் அக்கா எங்கே இருப்பாள்? இருபத்திரண்டு பிள்ளைகளோடு வேனில் இருப்பாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓடினால் ஐம்பத்தெட்டு, அறுபத்துமூன்று. அதற்குமேல் முன்னேற அவளால் முடியாது.

ஸ்கிரிப்டைத் திறந்தேன். நானூற்றுச் சொச்சம் வரிகள். நடுவில் ஒரு வேலை இருந்தது: பட்டியலைக் காலி செய்வது. சோதனைக் கணினிகளில் பொய்ப் பெயர்களைப் போட்டுப் பார்த்துவிட்டு அழிப்பதற்காக எப்போதோ எழுதியது. அதன் தலையில் ஒரு நிபந்தனை: 'காலிசெய்' என்ற ப்ராப்பர்ட்டி இருந்தால் மட்டும் இதைச் செய். ப்ராப்பர்ட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு பெயரும் அதற்கு எதிரே ஒரு மதிப்பும். மேலே தேடினேன். எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு கவனமான ஆத்மா, மருத்துவமனைப் பட்டியலுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்று, சுத்தமாக எழுதி வைத்திருந்தது: காலிசெய் = இல்லை.

ஸ்கிரிப்டை ஓட்டும் எங்கள் கருவி மதிப்பைப் படிக்காது. அப்படி ஒரு பெயர் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். எழுதியிருக்கிறது. முடிந்தது கதை.

அந்தக் கவனமான ஆத்மாவையும் குறை சொல்ல முடியாது. கருவிக்கு விதி வகுக்கும் நிபந்தனை மன்றத்தின் சுற்றறிக்கை நாற்பத்துநான்கு இப்படிச் சொல்கிறது: "எந்தப் ப்ராப்பர்ட்டியும் எழுதாமல் விடப்படலாகாது. வேண்டாம் எனில் 'இல்லை' என்று தெளிவாக எழுதுக." அதே மன்றத்தின் அடிப்படை விதி ஒன்று: "எழுதப்பட்டிருந்தால் நிறைவேற்றுக." இரண்டும் ஒரே புத்தகத்தில், எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தன. புத்தகத்தை மூடினால் இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும். அப்படியும் அவை ஒன்றையொன்று பார்த்ததாகத் தெரியவில்லை.

அக்காவுக்கு விளக்கினேன்.

"வேணாம்னு எழுதி வெச்சதைப் பார்த்துட்டு வேணும்னு எடுத்துக்குமா?"

"என்ன எழுதியிருக்குன்னு அது பார்க்காதுக்கா. எழுதியிருக்கான்னுதான் பார்க்கும்."

"உங்க மாமாகிட்டப் போன்ல 'எனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வர வேணாம்'னா, நெஜமாவே ஒண்ணும் வாங்காம கையை வீசிட்டு வருவாரு. அவருக்குப் புரியறது கூட இதுக்குப் புரியாதா? இதுக்கு ஒரு ஆபீஸ், ஒரு மூணு மாடி!"

அந்த வரியை நானே அழித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பொது ஸ்கிரிப்டில் மன்றத்தின் அனுமதியின்றி ஒரு எழுத்தை மாற்றினாலும் அன்றைக்கே பணிநீக்கம். எனக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். பயமாக இருந்தது. முறைப்படி விண்ணப்பித்தேன்.

விண்ணப்பத்தில் இருபத்தாறு கேள்விகள். பதினேழாவது: "விண்ணப்பதாரர் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா?" இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து முத்திரையிட்ட உறை வந்தது. பதினேழாவது கேள்வி நிரப்பப்பட்டிருப்பதால் என்மீது ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு திறக்கப்பட்டிருக்கிறதாம். மன்றத்தின் செயலரம்மாவிடம் ஓடினேன்.

"மேடம், இல்லைன்னுதானே எழுதியிருக்கேன்?"

"எழுதியிருக்கீங்கல்ல?"

"இல்லைன்னு எழுதியிருக்கேன்."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். எழுதியிருக்கீங்க."

"எழுதாம விட்டிருந்தா?"

"பூர்த்தி செய்யாத விண்ணப்பத்தை நான் கையால கூடத் தொடமாட்டேனே." அவர் நல்ல மனுஷி. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க சார். இந்த மாடியில எல்லார் பேர்லயும் கோப்பு இருக்கு. என் பேர்லயே ரெண்டு. என்ன குத்தம்னு யாருக்கும் தெரியாததால ஒண்ணும் நடக்கறதில்ல."

இதற்குள் அடுத்த பில்ட் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. போன் செய்ததற்கு மறுநாள் விட்டு வந்த திங்கட்கிழமை அக்கா ஒரு நாள் விடுப்பெடுத்து, விடியற்காலையிலேயே போய் நின்று, ஐம்பத்திரண்டாம் எண் வாங்கியிருந்தாள். இரண்டு வாரத்தில் ஐம்பது பேருக்கு முடிந்துவிட்டது. அவளுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் பாக்கி. நான் பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அழுத்தாமல் எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பயனில்லை. ஐந்து பத்துக்கு ஸ்கிரிப்ட் தானே ஓடிவிடும், ஏனென்றால் இன்னொரு கவனமான ஆத்மா 'தானாகஓடு = இல்லை' என்று எழுதி வைத்திருந்தது. ஐந்து மணிக்கு அழுத்தினேன். ஐந்து மூன்றுக்கு என் அக்கா உலகத்தில் இல்லாமல் போனாள்.

அன்று அவள் போனில் திட்டவில்லை. "சரிடா, விடு" என்று மட்டும் சொன்னாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

உரிமத்துக்கு எட்டு வாரம் மிச்சம் இருக்கையில் மன்றம் கூடியது. நீள மேசை, ஒன்பது நாற்காலி, சுவரில் விதி ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள். தலைமை நாற்காலியில் ஸ்தாபகர். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இந்தக் கருவியை எழுதியவர் அவர்தான். அவருக்கு வலப்பக்கம் பழமைப் பொருத்த அதிகாரி. இதுவரை நடந்துகொண்டிருந்த எதுவும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பழசு சார் என்போம். மற்ற ஆறு பேர் துறைகளின் பிரதிநிதிகள்; ஸ்தாபகர் தலையாட்டினால் அவர்களும் ஆட்டுவார்கள். செயலரம்மா குறிப்பெடுத்தார்.

முதலில் தேநீர்ச் சீட்டு வந்தது. "சர்க்கரை" என்று ஒரு கட்டம். எனக்குப் பக்கத்தில் பழசு சார் 'வேண்டாம்' என்று எழுதினார். தேநீர் வந்தபோது அவர் கோப்பையின் அடியில் சர்க்கரை கரையாமல் மணல் மாதிரி கிடந்தது. அவருக்கு நீரிழிவு என்பது ஊருக்கே தெரியும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"சார், அதை அப்படியே விட்டுட்டா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கட்டத்தை நிரப்பாட்டி டீ கிடையாது தம்பி. பழகிடுச்சு. மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக்கிட்டேன்."

என்னைப் பேசச் சொன்னார்கள். நான் மூன்றே வாக்கியம்தான் தயார் செய்து வைத்திருந்தேன். நிபந்தனை என்றால் பெயரைப் பார்த்தால் போதாது, மதிப்பைப் படிக்க வேண்டும். 'ஆம்' என்றிருந்தால் செய்யவும், 'இல்லை' என்றாலோ எழுதாமலே விட்டிருந்தாலோ சும்மா இருக்கவும். வேறு எதுவாவது கண்ணில் பட்டால் எதையும் தொடாமல் நின்று, புரியவில்லை என்று சத்தம் போடவும். சொல்லி முடித்து, இதனால் பதினான்கு மருத்துவமனைகளில் நோயாளிகள் பட்டியல் அழிந்துகொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஸ்தாபகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, நீங்க சின்னவரு. இந்தக் கருவியை எழுதும்போது நான் ரொம்ப யோசிச்சேன். ஒருத்தர் 'இல்லை'ன்னு எப்போ எழுதுவாரு? அந்த விஷயம் அவர் மனசுல இருந்தாத்தான் எழுதுவாரு. மனசுல இருக்குன்னா ஆசை இருக்குன்னு அர்த்தம். ஆசை இருக்கு, வெளிய சொல்லக் கூச்சம். கருவி அந்தக் கூச்சத்தைப் போக்குது." மேசையைச் சுற்றிப் பார்த்தார். "மதிப்பைப் படிக்க ஆரம்பிச்சா, அப்புறம் எழுதினவர் என்ன நெனச்சாருன்னு படிக்கணும். அப்புறம் அவர் குடும்ப நிலவரம். இதுக்கு ஒரு எல்லை வேணாமா?"

ஆறு தலைகள் ஆடின.

பழசு சார் ஒரு தடிமனான கோப்போடு எழுந்தார். "ஐயா சொன்னது தத்துவம். நான் நடைமுறை பேசறேன். இப்போ பதினெட்டு துறை 'இல்லை'ன்னு எழுதி வெச்சு, அந்த வேலை நல்லபடியா நடந்துக்கிட்டிருக்கு. மருந்துக் கிடங்குல 'காலாவதிதேதிபார் = இல்லை'. எழுதினது யாருன்னு தெரியாது. ஆனா தேதி பார்த்துக்கிட்டிருக்காங்க. இந்தத் தம்பி சொல்றபடி நாளைக்கே மதிப்பைப் படிச்சா, கெட்டுப்போன மருந்து வார்டுக்குப் போகும். யாரு பொறுப்பு? நீங்களா தம்பி?"

"சார், அங்க 'ஆம்'னு திருத்தி எழுதிட்டா போச்சு."

"பதினெட்டு விண்ணப்பம்!" என்றார் அவர், நான் ஏதோ கொலை செய்யச் சொன்ன மாதிரி. "இருபத்தாறு கேள்வி வீதம்!"

கண் மருத்துவமனையை மேற்பார்க்கும் பிரதிநிதி தொண்டையைச் செருமினார். அவர் கவலை வேறு. அவர் மருத்துவமனைக்குப் போன மாதம்தான் 'காத்திருப்போரே இல்லாத மருத்துவமனை' என்று கேடயம் கொடுத்திருந்தார்கள். கணக்கெடுத்த நேரம், ஒரு பில்ட் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. "வந்து பார்த்த குழு அழுதுட்டாங்க சார்," என்றார். "ஒரு ஆள் கூட இல்லை. இதைப் போய்க் குறைன்னு சொல்றதா?"

"அங்க ஆள் இல்லாம இல்ல சார்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "எல்லாரும் வெளிய நிக்கறாங்க. உங்க கம்ப்யூட்டருக்கு அவங்களைத் தெரியல, அவ்வளவுதான். அதுல ஒருத்தர் மூணு தடவை நம்பர் வாங்கியிருக்காங்க. அவங்க வேலை போகப் போகுது."

ஸ்தாபகர் கையமர்த்தினார். வாக்கெடுப்பு நடத்தலாம் என்றார். சீட்டில் ஒரே ஒரு கட்டம், "எதிர்ப்பு". எட்டுப் பேரும் எழுதி மடித்துக் கொடுத்தார்கள். என் பேச்சு கொஞ்சம் தைத்திருக்க வேண்டும். எட்டுச் சீட்டிலும் 'இல்லை' என்றே எழுதியிருந்தது. செயலரம்மா எட்டையும் பிரித்து, அடுக்கி, எழுந்து நின்று அறிவித்தார்: "தீர்மானத்துக்கு எட்டு எதிர்ப்புகள். ஏகமனதாக நிராகரிக்கப்படுகிறது." எழுதியவர்களே சற்றுத் திகைத்தார்கள். ஆனால் முறை முறைதானே, கைதட்டினார்கள்.

முழுதாகக் கைவிடவும் மனமில்லாமல் ஒரு துணைக்குழு போட்டார்கள். 'இல்லை' என்று பொருள்படும் சொற்களை வரையறுக்கும் குழு. இல்லை, வேண்டாம், கிடையாது, கூடாது, பூஜ்யம், வெறும் கோடு என்று அங்கேயே பட்டியல் நீண்டது. 'பார்க்கலாம்' என்பதைச் சேர்ப்பதா என்று அரைமணி நேரம் வாதம். கடைசியில் ஸ்தாபகரே தீர்த்துவைத்தார்: "இந்த ஆபீஸ்ல நான் 'பார்க்கலாம்'னு சொன்னது எதுவும் இன்னிக்கு வரைக்கும் நடந்ததில்ல. சேர்த்துக்குங்க." அறிக்கைக்குக் கெடு பதினோரு மாதம். என் அக்காவுக்கு அறுவைக்கு இருந்தது நாலு வாரம்.

நான் தலையில் கைவைத்தபடி லிஃப்டுக்கு நின்றேன். ஸ்தாபகர் பின்னால் வந்து தோளில் கைபோட்டார்.

"அந்த மூணு தடவை நம்பர் வாங்கினவங்க யாரு?"

"என் அக்கா சார்."

"அடடா! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நான் ஏதோ பொதுநலம்னு நெனச்சுட்டேன்." என்னைத் தள்ளிக்கொண்டு அவர் அறைக்குப் போனார். "விதியை மாத்தறதுதான் தம்பி கஷ்டம். விதிவிலக்குக்கு ஒரு நிமிஷம் போதும். அக்காவோட பதிவு எண் சொல்லுங்க."

ஸ்கிரிப்டில் நான் இதுவரை திறக்காத ஒரு சின்னக் கோப்பை அவர் திறந்தார். 'இவர்களைத் தவிர' என்று அதற்குப் பெயர். பட்டியலைக் காலி செய்யும்போது இந்த எண்களை மட்டும் விட்டுவிடும். அதில் ஏற்கனவே பதினோரு எண்கள் இருந்தன.

"இதெல்லாம் ஆபரேஷன் முடிஞ்சு போனவங்க," என்றார் சாதாரணமாக. "இது என் சம்பந்தி. இது செயலரம்மாவோட சித்தப்பா. இது ரெண்டும் பழசு சாரோட மாமியார், ரெண்டு கண்ணு, ரெண்டு தடவை. நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல தம்பி." பன்னிரண்டாவதாக அக்காவின் எண்ணைத் தட்டினார். விண்ணப்பம் இல்லை, இருபத்தாறு கேள்வி இல்லை, தேநீர்கூட இல்லை.

பட்டியல் அழிகிறது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து தத்துவம் பேசிய ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த இடத்திலேயே கத்தியிருக்க வேண்டும். நான் நன்றி சொன்னேன். கைகூப்பினேன் என்றுகூட நினைக்கிறேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அதற்குள் அக்கா நாலாவது எண்ணும் வாங்கியிருந்தாள்; அடுத்த பில்ட் வெள்ளிக்கிழமை அழுத்தினேன். திங்கட்கிழமை அக்கா புது எண் வாங்க வேண்டிய வேலையே இல்லை; பலகையில் அவள் பெயர் ஒன்றாம் எண்ணில் தனியாக ஒளிர்ந்தது. புதன்கிழமை அறுவை முடிந்தது. வியாழன் மாலை அவள் வீட்டுக்குப் போனேன். கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமா சமையலறையில் எதையோ கருக்கிக்கொண்டிருந்தார். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்துப் போனவன் நான்.

"உட்காரு. ஒண்ணு கேக்கணும்."

"வலிக்குதாக்கா?"

"அதெல்லாம் இல்ல. திங்கக்கிழமை அந்த ஹால்ல முந்நூறு பேரு நிக்கறாங்க. போர்டுல என் பேரு மட்டும் இருக்கு. எல்லாரும் போர்டைப் பார்க்கறாங்க, அப்புறம் என்னைப் பார்க்கறாங்க. ஒரு வெல்டிங்காரரு, ஒவ்வொரு தடவையும் எனக்குப் பக்கத்துலதான் நம்பர் வாங்கினாரு. பெஞ்சுல எனக்கு இடம் பிடிச்சு வெப்பாரு. அவரு வந்து கேட்டாரு, 'உங்களுக்கு அங்க யாரைம்மா தெரியும்'னு."

"நீ என்ன சொன்னே?"

"யாரையும் தெரியாதுன்னேன். அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னேன்டா. அவருக்கு ரெண்டு கண்ணும் போயிட்டிருக்கு. இரும்பு எங்க இருக்கு, கை எங்க இருக்குன்னு தடவிப் பார்த்து வேலை செய்யறாரு."

மேசையிலிருந்த சொட்டு மருந்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"முந்நூறு பேரைத் தூக்கிப் போட்டுட்டு என்னை மட்டும் வெச்சிருக்கே."

"நான் இல்லக்கா. மன்றம்."

"பட்டனை அழுத்தினது யாரு?"

சமையலறையில் மாமா பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. அக்கா மூடியில்லாத கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"அந்த வரியை அழிக்க எவ்வளவு நேரமாகும்?"

"அழிக்கறதுக்கா? ஒரு செகண்ட். ஆனா அன்னிக்கே என்னை வேலையை விட்டுத் தூக்கிருவாங்க."

"திரும்ப எழுதிட மாட்டாங்களா?"

யோசித்தேன். நியாயமான கேள்வி. "எழுதலாம். ஆனா ஸ்கிரிப்டுல ஒரு வரி சேர்க்கணும்னா விண்ணப்பம் போடணும். மன்றம் கூடணும். வாக்கெடுக்கணும்."

"அப்போ நடக்காது." அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "தூக்கினா தூக்கட்டும்டா. இன்னும் நாலு வாரத்துல எனக்கு சர்டிபிகேட் வந்துரும். மதிய ஓட்டமும் சேர்த்து எடுத்துக்கறேன். நீ வேற வேலை தேடற வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் நான் வண்டி ஓட்டுறேன். நீ போய் அழி."

அடுத்த பில்ட் நாளில், மாலை நாலு ஐம்பத்தெட்டுக்கு, அந்த வரியை அழித்தேன். ஒரு செகண்ட்கூட ஆகவில்லை. 'இவர்களைத் தவிர' கோப்பையும் அழித்தேன். மாற்றியவர் யார் என்று கருவி கேட்டது. என் பெயரை முழுசாக எழுதினேன். ஐந்து மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். ஐந்து மூன்று ஆயிற்று, ஐந்து பத்து ஆயிற்று. பட்டியல் அப்படியே இருந்தது. நான் அதை மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டியலில் முந்நூற்றுப் பதினேழு பேர் இருந்தார்கள். பணிநீக்க ஆணை எட்டே காலுக்கு என் மேசைக்கு வந்துவிட்டது. அந்த மாடியில் ஒரு காகிதம் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததேயில்லை. டிபன் பாக்ஸையும் பெண்களின் போட்டோவையும் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, படிக்கட்டில் நின்றபடி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"தூக்கிட்டாங்கக்கா."

"அது கிடக்கட்டும். வெல்டிங்காரர் பேரு இருக்கா?"

"இருக்கு. பதினோராவது ஆளு."

"நல்லது. வீட்டுக்கு வா, மாமா சமைக்கறாரு, கருகறதுக்குள்ள வந்துரு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.